தடநாள் டயர்கள்

தடநாள் டயர்கள் என்பன, அன்றாடம் சாலையில் ஓடும் தானுந்தை ஆண்டில் சில நாட்கள் மட்டும் மூடிய பந்தயத்தடத்தில் ஓட்டுவோர், அதற்கெனத் தேர்ந்தெடுக்கும் டயர்கள் ஆகும். பந்தயமோ பரிசோ இன்றி, கட்டணம் செலுத்தித் தம் சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள் டிராக் டே அல்லது தடநாள் எனப்படுகிறது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், பிரான்ட்ஸ் ஹாட்ச் முதலிய தடங்களில் இது பரவலான பொழுதுபோக்கு. ஜெர்மனியில் 20.8 கி.மீ. நீளமுள்ள நியூர்பர்க்ரிங் வடக்குத்தடம், பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் நேரங்களில் சட்டப்படி ஒருவழிக் கட்டணச் சாலையாகவே கருதப்படுகிறது. இந்தியாவில் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட தடத்திலும், கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தின் கரி தடத்திலும் இத்தகைய நாட்கள் நடத்தப்படுகின்றன.

பந்தய வண்டிக்கு டயர் தேர்வது ஒப்பீட்டளவில் எளிது. அதன் டயர் தடத்தில் வேகமாக ஓடினால் போதும். தடநாள் ஓட்டுநரின் டயரோ காலையில் நெடுஞ்சாலையில் தடம் வரை வந்து, பகலெல்லாம் கடும் வெப்பத்தைத் தாங்கி, மாலையில் மழை பெய்தாலும் அவரை வீடு சேர்க்க வேண்டும். இம்மூன்று வேலைகளையும் நன்றாகச் செய்யும் டயர் எதுவும் இல்லை. எனவே தேர்வு என்பது எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதைப் பற்றியதே.

பிடிமானமும் வெப்பமும்

ரப்பரின் உராய்வு இரு வழிகளில் எழுகிறது. ஒன்று, ரப்பரின் மூலக்கூறுகள் தடத்தின் பரப்போடு ஒட்டிப் பிரிவது. மற்றொன்று, தடத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் அமுங்கி மீளும்போது ஆற்றல் வெப்பமாக இழக்கப்படுவது. இரண்டுமே வெப்பநிலையைப் பொறுத்தவை. சாலை டயரின் கலவை வண்டி புறப்பட்ட முதல் நிமிடத்திலேயே பிடிக்குமாறு அமைக்கப்படுகிறது. அதற்கு ஈடாக, வெப்பம் மிகும்போது அது விரைவில் வழுவழுப்பாகிப் பிடிமானத்தை இழக்கிறது. தடத்திற்கான கலவையில் நிலைமை நேர்மாறானது. சூடேறிய பின்னரே அது தன் முழுத் திறனை அடையும். குளிர்ந்த காலையில் தடநாள் டயரோடு முதல் வளைவுக்குள் வேகமாக நுழைபவர், சாதாரண டயரில் இருப்பவரைவிடக் குறைந்த பிடிமானத்துடனேயே நுழையக்கூடும்.

வெப்பத்திற்கு மற்றொரு காரணம் டயரின் மேற்பரப்புக் கட்டைகளின் நெளிவு ஆகும். புதிய சாலை டயரில் ஏறத்தாழ 8 மி.மீ. ஆழத்திற்குப் பள்ளங்கள் உண்டு. அவற்றிற்கு இடைப்பட்ட ரப்பர் கட்டைகள் உயரமாகவும் தனித்தனியாகவும் நிற்பதால், வளைவில் பக்கவாட்டில் சாய்ந்து நெளிந்து உள்ளிருந்தே சூடேறுகின்றன. கடைசியில் துண்டு துண்டாகப் பிய்ந்து போவதும் உண்டு. பாதி தேய்ந்த டயரில் இக்கட்டைகள் குட்டையானவை, ஆகவே நெளிவும் குறைவு. சிலர் புது டயரையே எந்திரத்தில் சீவி ஆழத்தைக் குறைத்துக் கொள்வது இதனாலேயே. தடநாளுக்கென்று புத்தம்புதிய சாலை டயர்களை வாங்கி மாட்டுவது பணத்தை வீணாக்கும் வழி என்பது இதிலிருந்து விளங்கும்.

வகைகள்

சந்தையில் கிடைப்பவற்றை ஏறத்தாழ நான்கு படிகளாகக் கொள்ளலாம். முதலாவது, உயர்செயல்திறன் சாலை டயர். மிச்சலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. இரண்டாவது, சாலையிலும் ஓடக்கூடிய ஆனால் தடத்தை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட டயர்; யோக்கோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்இ-71ஆர்எஸ் ஆகியன இதில் அடங்கும். மூன்றாவது, செமி ஸ்லிக் அல்லது ஆர் காம்பவுண்ட் எனப்படுவது. டோயோ ஆர்888ஆர், நான்காங் ஏஆர்-1 போன்ற இவற்றில் சட்டம் கேட்கும் அளவுக்கு மட்டுமே பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். நான்காவது, பள்ளமே இல்லாத ஸ்லிக். இது சாலையில் சட்டவிரோதம். வண்டியை இழுவையில் ஏற்றி வருவோருக்கே உரியது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடநாள் செல்வோர் முதற்படியைத் தாண்ட வேண்டிய தேவை அரிது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு சுவையான எடுத்துக்காட்டு உண்டு. 2012இல் வெளிவந்த டொயோட்டா ஜிடி86 என்ற விளையாட்டுத் தானுந்து, 215/45 ஆர்17 அளவுள்ள மிச்சலின் பிரைமசி எச்பி என்ற அமைதியான சாலை டயர்களுடன் விற்கப்பட்டது. எரிபொருள் சிக்கனத்திற்குப் பெயர்பெற்ற பிரையஸ் வண்டியிலும் இதே டயர் பொருத்தப்பட்டதால் பலர் நகைத்தனர். ஆனால் வண்டி குறைந்த வேகத்திலேயே நழுவத் தொடங்க வேண்டும், ஓட்டுநர் அதைக் கட்டுப்படுத்தப் பழக வேண்டும் என்பதே வடிவமைப்பாளர்களின் நோக்கம்.

இந்நோக்கத்தின் பின்னுள்ள கணக்கு எளியது. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் உராய்வுக் கெழு 0.9 எனில், வண்டி நழுவாமல் செல்லக்கூடிய வேகம் மணிக்கு ஏறத்தாழ 76 கி.மீ. கெழு 1.1 ஆனால் அது 84 கி.மீ. ஆகிறது. வேக வேறுபாடு 8 கி.மீ. மட்டுமே, ஆனால் பிடிமானம் தவறும் கணத்தில் வண்டி கொண்டிருக்கும் இயக்க ஆற்றல் 22 விழுக்காடு மிகுதி. மேலும், சாலை டயர் எல்லையை நெருங்கும்போது கிறீச்சிட்டு முன்கூட்டியே எச்சரிக்கும். செமி ஸ்லிக் பெரும்பாலும் அமைதியாக இருந்து திடீரெனக் கைவிடும். புதியவருக்கு எது ஏற்றது என்பதில் பயிற்றுநர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

தேய்மான எண்

அமெரிக்காவில் விற்கப்படும் டயர்களின் பக்கச்சுவரில் டிரெட்வேர் என்ற சொல்லுடன் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். மேற்கு டெக்சாசின் பொதுச் சாலைகளில் 7,200 மைல், அதாவது ஏறத்தாழ 11,600 கி.மீ. ஓட்டி, ஓர் ஒப்பீட்டு டயருடன் தேய்மானத்தை அளந்து இவ்வெண் பெறப்படுகிறது. 200 எனக் குறிக்கப்பட்ட டயர், 100 எனக் குறிக்கப்பட்டதைப்போல் இரு மடங்கு உழைக்கும் என்பது பொருள். பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300, ஏ052 200, ஆர்888ஆர் 100, ஏஆர்-1 80 எனக் குறிக்கப்பட்டுள்ளன.

எண் குறைந்தால் கலவை மென்மை, பிடிமானம் மிகுதி என்பது பொது விதி. ஆயினும் இதனை அப்படியே நம்புவதற்கில்லை. எண்ணை அறிவிப்பவர் அரசு அல்லர், உற்பத்தியாளரே. அமெரிக்காவின் பல தொடக்கநிலைப் போட்டிகளில் 200க்குக் குறைந்த எண்ணுள்ள டயர்களுக்கு அனுமதி இல்லாததால், சரியாக 200 எனப் பொறிக்கப்பட்டு, நடத்தையில் அதற்குக் கீழ்ப்பட்டவற்றை ஒத்த டயர்கள் சந்தைக்கு வந்துள்ளன. எனவே 200 என்ற எண்ணுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட டயர்கள் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் கட்டாயமான ஒட்டுச்சீட்டு, எரிபொருள் திறன், ஈரப்பிடிப்பு, ஓசை ஆகியவற்றைக் கூறும். உலர்தடத்தில் பிடிமானம் பற்றியோ வெப்பத்தைத் தாங்கும் திறன் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

காற்றழுத்தம்

எந்த டயரை வாங்கினாலும், தடநாளில் அதன் நடத்தையைப் பெரிதும் மாற்றுவது காற்றழுத்தமே. அதற்குச் செலவும் இல்லை. நல்ல அழுத்தமானி ஒன்று இருந்தால் போதும்.

காலையில் 20 பாகை செல்சியசில் 32 பி.எஸ்.ஐ. நிரப்பப்பட்ட டயரை எடுத்துக்கொள்ளலாம். அழுத்தமானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்திற்கு மேலுள்ள பகுதியை மட்டுமே, 14.7ஐக் கூட்டினால் உண்மை அழுத்தம் 46.7 ஆகும். சில சுற்றுகளுக்குப் பின் உள்ளிருக்கும் காற்று 70 பாகைக்குச் சூடானால், கெல்வின் அளவில் 293இலிருந்து 343க்கு உயர்கிறது. அழுத்தமும் அதே விகிதத்தில் உயர்ந்து, மானியில் 40 பி.எஸ்.ஐ. காட்டும். எட்டு பி.எஸ்.ஐ. கூடிய டயர் நடுவில் புடைத்து, தடத்தைத் தொடும் பரப்பு சுருங்கி, வழுக்கத் தொடங்கும். ஆகவே ஓட்டுநர்கள் தடத்திலிருந்து வெளிவந்தவுடன், டயர் ஆறுமுன் அழுத்தத்தை அளந்து, மிகுந்த காற்றை வெளியேற்றுகின்றனர். முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் தனித்தனியே அளக்க வேண்டும். வலப்புற வளைவுகள் மிகுந்த தடத்தில் இடப்பக்க டயர்களே கூடுதலாகச் சூடேறும்.

இங்குதான் அபாயமும் இருக்கிறது. சூடான நிலையில் 32க்குக் குறைக்கப்பட்ட டயர், மாலையில் 20 பாகைக்கு ஆறும்போது 25 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் தொடர்ந்து ஓட்ட அது போதாது. பக்கச்சுவர்கள் மிகையாக வளைந்து உள்ளே சூடேறும். மழை பெய்தால் நிலைமை இன்னும் மோசம். நாசாவின் ஆய்வாளர்கள் 1963இல் விமான டயர்களைக் கொண்டு வெளியிட்ட ஆய்வின்படி, டயர் நீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. அச்சூத்திரத்தில் 32 பி.எஸ்.ஐ.க்கு மணிக்கு 94 கி.மீ., 25 பி.எஸ்.ஐ.க்கு 83 கி.மீ. என வருகிறது. தேங்கிய நீரின் ஆழம் டயரின் பள்ளத்தைவிட மிகும்போதே இது பொருந்தும் என்றாலும், பள்ளம் குறைந்த செமி ஸ்லிக்குக்கு அந்நிலை விரைவில் வந்துவிடும். எனவே காற்றுப் பம்பு ஒன்றைக் கையோடு கொண்டுசென்று, தடத்தை விட்டுப் புறப்படுமுன் உற்பத்தியாளர் குறித்த அழுத்தத்திற்கு மீண்டும் நிரப்புவது கட்டாயம்.

தேய்மானத்தைப் படித்தல்

சாலைக்கென அமைக்கப்பட்ட வண்டிகளின் முன்சக்கரங்கள் ஏறத்தாழ நேராக நிற்கின்றன. வளைவில் உடல் சாயும்போது சக்கரமும் வெளிப்புறம் சாய்ந்து, டயரின் வெளித்தோளே பெரும்பாலான சுமையைத் தாங்குகிறது. ஒரே தடநாளில் வெளித்தோள் உருண்டு தேய்ந்து, உட்புறம் புதிதுபோல் இருப்பது பொதுவான காட்சி. தோளின் விளிம்பில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, ஓட்டியபின் அது எதுவரை அழிந்தது எனப் பார்ப்பது பழைய எளிய முறை. ஊசிமுனை வெப்பமானியால் உள், நடு, வெளி என மூன்று இடங்களில் அளப்பது அதனினும் துல்லியமானது. நடுப்பகுதி மட்டும் சூடாக இருப்பின் அழுத்தம் மிகுதி; வெளிப்பகுதி மிகச் சூடாக இருப்பின் சக்கரத்தின் மேற்புறத்தை உள்நோக்கிச் சாய்க்க வேண்டும், அதாவது எதிர்க் கேம்பர் தேவை. இதைச் சரிசெய்யாமல் விலையுயர்ந்த மென்கலவை டயர் வாங்குவோர், ஒரு பக்கத்து ரப்பருக்கு மட்டுமே பணம் கொடுக்கின்றனர் எனலாம்.

வண்டியின் பிற பாகங்கள்

பிடிமானம் மிகுந்தால் அதன் சுமை வேறெங்கோ இறங்கும். 1,200 கி.கி. எடையுள்ள வண்டியை மணிக்கு 160 கி.மீ.யிலிருந்து 80 கி.மீ.க்குக் குறைக்க, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 0.9 மெகாஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். நல்ல டயருள்ள வண்டி வளைவிலிருந்து விரைவாக வெளிவந்து, அடுத்த வளைவை விரைவாக அடைகிறது. தடுப்புகள் ஆறக் கிடைக்கும் நேரம் குறைகிறது. டாட் 4 வகைத் தடுப்பு நீர்மத்தின் கொதிநிலை புதியதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரப்பதத்தை உறிஞ்சிய பின் அவ்வரம்பு 155 பாகை மட்டுமே. நீர்மம் கொதித்தால் மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. எனவே செமி ஸ்லிக் வாங்க எண்ணுபவர் முதலில் நீர்மத்தை மாற்றுவதே முறை.

அதேபோல், நீண்ட வளைவுகளில் எண்ணெய் தொட்டியின் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சு குழாய் வெறுங்காற்றை இழுக்கும் நிலை ஏற்படலாம். சாலை டயருடன் பல்லாண்டு நன்றாக ஓடிய எந்திரம், டயர் மாற்றிய முதல் நாளில் தாங்கிகள் கருகி அழிவது இவ்வாறே.

நான்கு டயர்களும் ஒரே வகையாக இருப்பது நலம். முன்னே புதிய மென்கலவை டயர்களையும் பின்னே பழைய சாலை டயர்களையும் பொருத்தினால், பின்பகுதி முதலில் நழுவி வண்டி சுழலும். சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் வண்டிக்குக் குறிக்கப்பட்டதைவிடக் குறையக் கூடாது. வி என்பது 240, டபிள்யூ 270, ஒய் 300 கி.மீ. வேகத்தைச் சுட்டும். காப்பீட்டு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தடநாளை உள்ளடக்குவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. நியூர்பர்க்ரிங்கில் தடுப்புவேலி சேதமானால் அதன் செலவையும் ஓட்டுநரே ஏற்க வேண்டும்.

தனிச் சக்கரத் தொகுதியும் டயரின் வயதும்

ஆண்டுக்கு நான்கைந்து முறைக்கு மேல் செல்வோர், தடத்திற்கென ஒரு தனிச் சக்கரத் தொகுதியை வைத்துக்கொள்வது நீண்டகால நோக்கில் சிக்கனமானது. சாலை டயர்கள் சாலைக்கே எஞ்சும். தட டயர்கள் நெடுஞ்சாலையில் வீணே தேயா. அவற்றைக் கொண்டுசெல்ல இடம் வேண்டும் என்பதே தடை. மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற ஈரிருக்கை வண்டி வைத்திருப்போர் இதற்கெனச் சிறு இழுவை ஒன்றைப் பூட்டிச் செல்வதும் உண்டு. சக்கரம் மாற்றியபின், சில சுற்றுகள் ஓடியதும் திருகாணிகளின் இறுக்கத்தை மீண்டும் சோதிக்க வேண்டும்.

புதிய மென்கலவை டயரை முதன்முறை மெதுவாகச் சூடேற்றி, பின்னர் ஒரு நாள் ஓய்வில் விடுவது அதன் ஆயுளைக் கூட்டும் எனக் கருதப்படுகிறது. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் ரப்பர் சற்றே கடினமாகிறது. பள்ளம் மிஞ்சியிருந்தும் பிடிமானம் போய்விட்ட டயர்கள் இதனாலேயே மலிவு விலையில் கிடைக்கின்றன. பழைய டயர் வாங்குவோர் பக்கச்சுவரின் நான்கிலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் இதில் முதலிரு இலக்கங்கள் வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கின்றன. 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐரோப்பாவில் சாலைக்குத் தேவையான குறைந்தபட்சப் பள்ளம் 1.6 மி.மீ. ஆகும். பலகால்வாசி செமி ஸ்லிக்குகள் அந்த அளவை எட்டுமுன்பே கடினமாகிவிடுகின்றன. குளிர்நாடுகளில் இவற்றை உறைபனியில் வைத்திருந்து அசைத்தால் கலவை வெடிப்புறும் என உற்பத்தியாளர்கள் எச்சரிக்கின்றனர். குளிர்காலம் முழுதும் வெயிலும் உறைபனியும் படாத அறையில் வைப்பதே வழக்கம்.