சந்தாவும் சமுத்திரமும்

சிறுவாச்சூர்க்காரனுக்கும் சமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் திங்களும் வெள்ளியும் மதுரகாளியம்மன் சந்நிதி திறந்திருக்கும். அந்த நாட்களில் ஜனங்கள் அலை அலையாக வருவார்கள். எங்களுக்குத் தெரிந்த அலை அது ஒன்றுதான். மற்ற அலையைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் போக வேண்டும்.

ஆனால் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடலே எங்கள் பக்கம் வந்திருந்தது. காரை என்ற ஊரை ஒட்டிய செம்மண் பள்ளங்களில் நத்தைபோல் சுருண்ட கற்கள் கிடக்கும். அவை அந்தப் பழைய கடலில் வாழ்ந்த பிராணிகள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் அதைக் கண்டறிந்தார். ஆகவே, கடல்தான் எங்களை விட்டுப் போயிற்றே தவிர, நாங்கள் கடலை விட்டுப் போகவில்லை!

விட்டுப் போன கடலைத் தேடி எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் புறப்பட்டுவிட்டான். சென்னையில் உத்தியோகம். "மாமா, பாய்மரப் படகுக் கிளப் ஒண்ணிலே சேரலாம்னு இருக்கேன். முன்மொழிய ஒருத்தர், வழிமொழிய ஒருத்தர் வேணுமாம்" என்றான்.

"ஏன், பணம் கட்டினால் போதாதா?"

"போதாது மாமா. அங்கே முதலாளின்னு யாரும் கிடையாது. அங்கத்தினர்களே சேர்ந்து நடத்தறாங்க. அவங்க என்னை ஏத்துக்கணும்."

பணம் கொடுத்தால் போதாது, ஏற்றுக்கொள்ளவும் வேண்டும்! இந்த ஒரு சமாசாரத்துக்குள் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது.

உல்லாசப் படகு முதலில் ராஜாக்களின் விளையாட்டுப் பொருளாகத்தான் இருந்தது. 1660-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு 'மேரி' என்ற படகைப் பரிசளித்தார்கள். 'யாட்' என்ற சொல்லும் டச்சு மொழியிலிருந்து வந்ததுதான். ராஜாவுக்கு ஒரு படகு இருந்தால் பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? 1720-ல் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் 'வாட்டர் கிளப்' என்று ஒரு சபை தோன்றியது. 25 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது அதன் விதி. விருந்துக்கு இரண்டு மாமிச பதார்த்தங்களுக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு படகு விஷயம் பேசுகிறவருக்கு நிரம்பிய கோப்பை மது அபராதம்! குடிப்பதையே தண்டனையாக வைத்த சபை உலகத்தில் வேறு உண்டோ, என்னவோ! வேடிக்கை இருக்கட்டும். விதியை வகுத்தவர்களும் அவர்களே, அதற்குக் கட்டுப்பட்டவர்களும் அவர்களே என்பதுதான் முக்கியம். அந்தச் சபை ராயல் கார்க் யாட் கிளப் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

நம் சென்னைக்கு வருவோம். 1911-ல் துறைமுக டிரஸ்டின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இங்கே ஒரு படகுக் கிளப்பைத் தொடங்கினார். அதுதான் ராயல் மெட்ராஸ் யாட் கிளப். துறைமுகத்துக்குள் அது இருக்குமிடத்துக்கு ஸ்பிரிங்ஹேவன் துறை என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இந்த ஸ்பிரிங் துரையின் ஆபீசில்தான் 1912 மார்ச் மாதம் கும்பகோணத்துப் பிள்ளை ஒருவர், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அவர் பெயர் ராமானுஜன். குமாஸ்தாவின் மேதையைப் புரிந்துகொண்டு கைகொடுத்தவர்களில் துரையும் ஒருவர். 1914 மார்ச் 17-ஆம் தேதி ராமானுஜன் 'நெவாசா' கப்பலில் சீமைக்குப் புறப்பட்டார். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. அதுவும் அங்கத்தினர்களே ஓட்டுப் போட்டு ஆள் சேர்க்கும் சங்கம்தான்.

ஆனால் அந்த நாளில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர் கிளப்புகளோ, பெரும்பாலும் நம்மவர்களை வாசற்படி ஏறவிடவில்லை. பம்பாயில் 1846-லேயே தொடங்கிய யாட் கிளப்பைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபு இந்திய நண்பர்களை அங்கே அழைத்துப் போனாராம், உள்ளே விடவில்லையாம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிளப் வேண்டுமென்று அவர் முனைந்ததில், பம்பாயில் வில்லிங்டன் கிளப் பிறந்தது. சென்னையில் நம்மவர்கள் கவர்னருக்காகக் காத்திருக்கவில்லை. 1873-லேயே காஸ்மாபாலிடன் கிளப்பை ஆரம்பித்துவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய வேடிக்கை கடற்கரையில் நடந்தது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் துரைமார்களையும் துரைசானிகளையும் மசூலாப் படகில் ஏற்றி, மலைபோல் வரும் அலையைத் தாண்டிக் கரை சேர்த்தவர்கள் நம் கடற்கரைப் படகோட்டிகள். அவர்களுடைய கட்டுமரம் பதினேழாம் நூற்றாண்டிலேயே இங்கிலீஷுக்குள் புகுந்து 'கட்டமரான்' ஆகிவிட்டது. இன்று உலகத்துப் படகுக் கிளப்புகளில் இரட்டை உடல் கொண்ட பந்தயப் படகுக்கு அதுதான் பெயர். முன்மொழிவார் வழிமொழிவார் இல்லாமலே நம்முடைய சொல் அங்கத்தினராகிவிட்டது. சொல்லுக்குச் சொந்தக்காரர்கள் கரையில் நின்றார்கள்.

வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்லி இந்தக் கட்டுரையை முடித்துவிட்டால் சௌகரியமாக இருக்கும். அது முடியாது. நம் கிராமங்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பதை நேயர்கள் அறிவார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி. வரி கொடுத்தவர்கள் கூடித் திருவிழாவை நடத்துவார்கள். இதுவும் அங்கத்தினர் நடத்தும் சபைதான். வரி கொடுக்காதவனை ஊர் ஏசும், அவ்வளவோடு சரி. ஆனால் ஒருவனைத் தள்ளிவைக்க நினைத்தால் அவனிடம் ஊர் வரியே வாங்காது! பல ஊர்களில் பல குடும்பங்கள், "எங்களிடமும் வரி வாங்குங்கள்" என்று போராடியிருக்கின்றன. பணத்தை நீட்டிய கை நீட்டியபடியே நிற்பதைவிடப் பெரிய அவமானம் உண்டா? பழைய சீமைக் கிளப்புகளில், சேர்க்கப் பிடிக்காதவனுக்கு எதிராகப் பெட்டிக்குள் கறுப்புக் குண்டு போடுவார்கள். நாம் குண்டும் பெட்டியும் இல்லாமலே அந்தக் காரியத்தைச் செய்து வந்திருக்கிறோம்.

எப்போதும் இப்படித்தானா? எங்கள் வட்டாரத்துக் கங்கைகொண்டசோழபுரம் கடற்கரைப் பட்டினமல்ல. ஆனாலும் அங்கிருந்து ஆண்ட ராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடாரம் வரை கப்பற்படையை அனுப்பினான். படை போனது ஒரு முறை. வியாபாரிகள் போனது பல முறை. சுமத்திரா தீவில் பாருஸ் என்ற துறையின் அருகே 1088-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. நீலகண்ட சாஸ்திரியார் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். கல்லை நாட்டியவர்கள் நானாதேசி என்று பெயர் பெற்ற ஐநூற்றுவர் வணிகக் குழுவினர். கப்பல் தலைவனும் மற்றக் கப்பல்காரர்களும் கஸ்தூரியின் விலையை ஒட்டிக் கணக்கிட்ட தீர்வையைப் பொன்னாகச் செலுத்த வேண்டும். செலுத்திவிட்டுப் பாவாடைமேல் ஏறலாம் என்கிறது அது. பாவாடை என்றால் இங்கே தரையில் விரித்த துணி. தீர்வை கொடு, விரிப்பில் கால் வை! இதைக் கொண்டு ஐநூற்றுவர் எல்லாரையும் சமமாக நடத்தினார்கள் என்று முழங்க நான் தயாரில்லை. வியாபாரிகள் வியாபாரிகள்தானே? ஆனால் விதியைக் கல்லில் வெட்டி, வருகிறவன் கண்ணில் படும்படி நட்டார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும். கறுப்புக் குண்டு போட்ட கையை யாரும் பார்ப்பதில்லை. கல்லில் வெட்டிய விதியை எல்லாரும் பார்க்கலாம்.

காலம் மாறிவிட்டது. சென்னையில் பாய்மரப் படகு பழகிய நேத்ரா குமணன், இந்த விளையாட்டில் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி. 2021-ல் டோக்கியோவில் அவரும், கணபதி, வருண் தக்கர் என்ற சென்னை இளைஞர் இருவரும் படகு ஓட்டினார்கள். கடலில்லாத வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். நிறத்துக்காக யாரையும் வாசலில் நிறுத்துவது போயிற்று. இப்போது வாசலில் நிற்பது பணம். படகின் விலையும் பிரவேசக் கட்டணமும் சேர்ந்து ஓசைப்படாமல் கறுப்புக் குண்டின் வேலையைச் செய்துவிடும்.

அங்கத்தினர்களே நடத்தும் கிளப்பில் சேர்வது ஹோட்டலில் அறை எடுப்பது போன்றதல்ல. பந்தய நாளில் சிலர் தங்கள் படகை ஒதுக்கிவிட்டு, மற்றவர்களுக்காகக் கடிகாரம் பார்க்க வேண்டும். கவிழ்ந்தவனைத் தூக்கக் காவல் படகில் காத்திருக்க வேண்டும். வருஷக் கூட்டத்தில் கணக்கைக் கேட்க வேண்டும். சந்தா கட்டியவன் விருந்தாளியல்ல, வீட்டுக்காரன். வீட்டுக்காரனுக்கு இன்னொரு கடமையும் உண்டு. என்றாவது ஒரு நாள் காசிமேட்டுக் குப்பத்திலிருந்து ஒரு பையன் விண்ணப்பத்தோடு வந்து நிற்பான். அவனுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனை வழிமொழிய ஒரு கை வேண்டும், அவ்வளவுதான்.