அஞ்சல்பெட்டி சீரமைப்பு

அஞ்சல்பெட்டி சீரமைப்பு என்பது மின்னஞ்சல் வழங்கியில் பழுதடைந்த பயனர் கணக்கு ஒன்றின் கோப்புகளை ஆராய்ந்து, அதிலுள்ள மடல்களை மீண்டும் படிக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவரும் பணியாகும். கோப்புறைகள் வெறுமையாகத் தோன்றுதல், ஒரே மடல் பலமுறை தோன்றுதல், ஒதுக்கீட்டு அளவு தவறாகக் காட்டப்படுதல் ஆகியன பழுதின் அறிகுறிகளாகும். வட்டு நிரம்புதல், எழுதும்போது மின்தடை ஏற்படுதல், இரு நிரல்கள் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் எழுதுதல், கோப்பு உரிமைகள் மாறுதல் ஆகியன முதன்மைக் காரணங்கள்.

மடலும் சுட்டும்

ஒரு கணக்கில் இருவகைத் தரவுகள் உள்ளன. ஒன்று மடல்கள், மற்றொன்று அவற்றை விரைவாகத் தேட உதவும் சுட்டுக் கோப்புகள். சுட்டு கெட்டால் மடல்களைப் படித்து அதை மீண்டும் உருவாக்கலாம். மடல் அழிந்தால் சுட்டிலிருந்து அதை மீட்க இயலாது. எனவே எது எந்தக் கோப்பில் உள்ளது என்பதை அறிந்த பின்னரே எதையும் நீக்க வேண்டும்.

சேமிப்பு வடிவங்கள்

எம்பாக்சு: ஒரு கோப்புறையின் எல்லா மடல்களும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கும். பூட்டு முறை தவறினால் மடல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மெயில்டிர்: டேனியல் பெர்ன்சுடைன் தமது கியூமெயில் மென்பொருளுக்காக வடிவமைத்தது. ஒவ்வொரு மடலும் தனிக் கோப்பு. முழுமையாக எழுதப்பட்ட பின்னரே மடல் பயனரின் பார்வைக்கு வருகிறது. படித்தது, பதிலளித்தது போன்ற குறிகள் கோப்பின் பெயரிலேயே இருக்கும்.

டிபாக்சு: டவ்காட் வழங்கியின் வடிவம். இதில் அக்குறிகள் சுட்டுக் கோப்பில் இருப்பதால், சுட்டை அழித்தால் அவையும் இழக்கப்படும்.

செய்முறை

முதலில் அக்கணக்கிற்கு மடல் வருவதும் பயனர் இணைவதும் நிறுத்தப்படுகின்றன. பின்னர் கோப்புகள் முழுவதும் வேறிடத்தில் படியெடுக்கப்படுகின்றன. வட்டில் இடம், கோப்பு உரிமை ஆகியவற்றைச் சரிசெய்த பின், வழங்கியுடன் வரும் சீரமைப்புக் கட்டளை இயக்கப்படுகிறது. டவ்காட், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான சைரசு ஆகிய இரண்டிலும் இத்தகைய கட்டளைகள் உள்ளன. இறுதியில் ஒதுக்கீட்டு அளவு மீண்டும் கணக்கிடப்படுகிறது. ஐமேப் நெறிமுறையில் கோப்புறையின் செல்லுபடி எண் மாறினால், பயனரின் அஞ்சல் மென்பொருள் எல்லா மடல்களையும் மறுபடி தரவிறக்கும்.

தமிழ் மடல்கள்

ஒருங்குறி பரவலாவதற்கு முன் தமிழ் மடல்கள் திஸ்கி, தமிழ்நாடு அரசு 1999இல் அறிவித்த தாப், தாம் முதலிய குறியேற்றங்களில் எழுதப்பட்டன. பழைய அஞ்சல்பெட்டியை உரைத்தொகுப்பியில் திறந்து யுடிஎப்-8 ஆகச் சேமித்தால் இம்மடல்களின் எழுத்துகள் சிதைந்துவிடும். பைட்டுகளை மாற்றாமல் கையாளும் கருவிகளையே பயன்படுத்த வேண்டும்.

காப்புப்பிரதியின் தேவை

2011 பெப்ரவரி 27 அன்று ஜிமெயில் பயனர்களில் ஏறத்தாழ 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்பெட்டிகள் வெறுமையாயின. சேமிப்பு மென்பொருளின் புதிய பதிப்பிலிருந்த வழுவே காரணம். பல தரவு மையங்களில் படிகள் இருந்தும் வழு அவற்றையும் பாதித்தது. இணைப்பின்றி வைக்கப்பட்டிருந்த காந்த நாடாக்களிலிருந்தே கூகுள் மடல்களை மீட்டது. ஒரே மென்பொருள் எழுதும் பல படிகள், தனித்து வைக்கப்படும் காப்புப்பிரதிக்கு ஈடாகா என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.