தாலீம் என்னும் சொல்லும் அடகு வைக்கப்பட்ட ஒரு வீடும்

புணேயின் வானவடிக்குக் குடிவந்த புதிதில், பழைய நகரின் பேட்டைகளில் ‘தாலீம்’ என்றெழுதிய பலகைகளைக் கண்டு அவற்றைப் பள்ளிகள் என்றே எண்ணினேன். அரபியில் அச்சொல்லுக்குக் கற்பித்தல் என்று பொருள், உருதுவில் கல்வி. மராத்தியிலோ அது மற்போர்க்கூடம். நமக்கும் இது வியப்பன்று. ‘உபாத்தியாயர்’ திரிந்து வந்த ‘வாத்தியார்’ வகுப்பறைக்கும் சிலம்பக்கூடத்துக்கும் பொதுவானவர்தாமே!

பதக்கம் வென்ற மாணவருக்குப் பள்ளி வாயிலில் பதாகை, ஆய்வேடு எழுதியவருக்கு ஒரு கைகுலுக்கல் என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். குறையில் உண்மை உண்டு. ஆயினும் கொண்டாடுவதும் பேணுவதும் வெவ்வேறு என்பதைக் கோலாப்பூர் வரலாறு காட்டுகிறது.

1894 முதல் 1922 வரை அச்சமஸ்தானத்தை ஆண்ட ஷாஹு மகாராஜ் மற்போரில் பெருவிருப்புடையவர். காஸ்பாக் மற்போர் அரங்கைக் கட்டுவித்தவர். 1902இல் அரசுப் பணிகளில் 50 விழுக்காட்டைப் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கியவரும், பல சாதி மாணவர்களுக்கு விடுதிகள் அமைத்தவரும், 1917இல் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வியைக் கொணர்ந்தவரும் அவரே. கோதாவுக்கும் கரும்பலகைக்கும் ஒரே கருவூலம்தான் பொருள் தந்தது.

அந்நகரின் ராஜாராம் கல்லூரியில் பயின்றவர் காஷாபா ஜாதவ். 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு அவரை அனுப்பக் கோலாப்பூர் மகாராஜா உதவினார். ஆறாம் இடம் கிட்டியது. 1952இல் சமஸ்தானம் இல்லை. ஹெல்சிங்கி செல்லப் போதிய பணமும் இல்லை. ஊரார் திரட்டித் தந்தது போக எஞ்சிய தொகைக்காகக் கல்லூரி முதல்வர் கர்டேகர் தம் வீட்டை 7000 ரூபாய்க்கு அடகு வைத்தார். ஜாதவ் வெண்கலத்துடன் திரும்பினார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்ததற்கு நாடு 1996 வரை காத்திருந்தது.

நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் அணிவகுக்க ஊர்வலம் நடந்தது. அது கலைந்ததும் ஜாதவ் செய்த வேலை, மற்போர்ப் போட்டிகள் நடத்திப் பணம் ஈட்டி அடமானத்தை மீட்டது. ஆரவாரம் ஊரினுடையது, கடன் ஓர் ஆசிரியருடையது. கல்விமான்களுக்கு விளையாட்டின் மீது காழ்ப்பு என்போர் கர்டேகரை எங்கே வைப்பார்களோ!

1955இல் ஜாதவ் காவல்துறையில் உதவி ஆய்வாளரானார். ஓய்வூதியத்துக்கே அலைந்தார் என்பர். 1984இல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்தே வந்தது.

பதக்கம் அவருக்கு ஈட்டித்தந்த நிலையான பயன் அந்தக் காக்கிச் சட்டை ஒன்றே எனலாம். இன்றும் வானவடியை அடுத்த ராம்தேக்டிப் பக்கம் விடியற்காலையில் இளைஞர்கள் ஓடுவதைக் காண்கிறேன். காவலர் தேர்வில் ஓட்டமும் குண்டெறிதலும் முதலில். தேறினால் எழுத்துத் தேர்வு. ஓடி முடித்ததும் சிலர் வியர்வை உலருமுன் மரத்தடியில் அமர்ந்து பொது அறிவு நூலைப் பிரிக்கிறார்கள்.