ஊர்கள் போட்ட வாக்கு: பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் எல்லையும் அதிகாரமும்

பாகூர்ப் பக்கத்துக் கிரயப் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்தால், சொத்து விவரத்தில் பல நூற்றாண்டுகள் ஒரே பத்தியில் நிற்பதைப் பார்க்கலாம். 'பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக்குட்பட்ட' என்று இடம் தொடங்கும். ரீசர்வே எண்ணை அடுத்து, பிரெஞ்சு நில அளவைப் பதிவேடான கதாஸ்தரின் எண் வரும். பரப்பு எக்டேர், ஆர், செந்தியாரில் இருக்கும். பக்கத்திலேயே 'இதற்குக் குழி இத்தனை' என்றும் எழுதியிருக்கும். கொம்யூன், கதாஸ்தர், செந்தியார் மூன்றும் பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற சொற்கள். குழி அதற்குப் பல நூறாண்டு முந்தியது. இந்த வட்டாரத்தில் ஒரு குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. ஊரில் நிலம் பேசுகிறவர்கள் இன்றும் குழியில்தான் விலை சொல்கிறார்கள்.

புதுச்சேரியின் பிரெஞ்சு மரபு பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி நகரத்தைப் பற்றியவை. ஆளுநர் மாளிகை, கடற்கரைத் தெருக்கள், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு என்று அந்த வரலாறு கடலோரத்திலேயே நின்றுவிடுகிறது. பிரெஞ்சு ஆட்சியின் ஆழமான நிர்வாகத் தடம் நகரத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஊர்களில் இருக்கிறது என்பது என் வாதம். அந்தத் தடத்தின் பெயர் கொம்யூன் என்னும் உள்ளாட்சி அலகு. எல்லை, பத்திரம், அலுவலகம் என்ற அளவில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் நடுவில் இருந்த தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம்தான் அரைநூற்றாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் இல்லாமல் இருக்கிறது. இந்த இழப்பு நிர்வாகக் குறையோடு முடிவதில்லை. இந்தப் பகுதி இந்தியாவோடு சேர்ந்த விதத்தின் சட்ட அடிப்படையையே அது தொடுகிறது.

கொம்யூன் வருவதற்கு முன் இவை வெறும் குடியிருப்புகளாக இருக்கவில்லை. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. வாகூர்தான் இன்றைய பாகூர். திருபுவனையில் முதலாம் இராசாதிராசனின் முப்பதாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்விச்சாலைக்கு நிலம் ஒதுக்கியதைக் கூறுகிறது. ஒரு பள்ளிக்கு நிலம் விட்டு, அதன் விளைச்சலைக் கணக்குப் பார்த்து, ஆசிரியருக்கும் மாணவருக்கும் நெல் அளக்க வேண்டுமானால் ஊரில் கூடிப் பேசும் சபை ஒன்றும் எழுதிவைக்கும் பழக்கமும் இருந்தாக வேண்டும். பாகூர்ச் செப்பேடு கிடைத்தது 1879இல். பாகூர் கொம்யூன் ஆனது அதற்கு அடுத்த ஆண்டில். இது தற்செயல் என்றாலும் நினைவில் வைக்கத் தக்கது. பிரெஞ்சு அரசு ஆணையிட்டு உருவாக்கிய உள்ளாட்சித் தலைமையிடங்களில் ஒன்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சபை நடத்திய ஊர்.

எல்லையின் கதை வேறு. பாகூரையும் வில்லியனூரையும் சேர்ந்த ஊர்கள் 1749இல் சந்தா சாகிபின் கொடையாகப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. கர்நாடகப் போர்களில் இந்த வயல்கள் போர்க்களமாயின. 1752இல் பாகூரில் ஆங்கிலேயத் தளபதி லாரன்சின் படை பிரெஞ்சுப் படையை முறியடித்தது. 1760இல் வில்லியனூர்க் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்தது. மறு ஆண்டு புதுச்சேரியே இடிக்கப்பட்டது. 1763 ஒப்பந்தப்படி நகரம் திரும்பக் கிடைத்தாலும் சுற்றியுள்ள ஊர்களின் நிலை தெளிவாகவில்லை. அதைத் தீர்த்தது 1783 வெர்சாய் ஒப்பந்தம். அதன் ஒரு பிரிவு, புதுச்சேரியைச் சூழ்ந்த சார்புப் பகுதியாக வில்லியனூர், பாகூர் என்னும் இரண்டு மாவட்டங்களை உறுதிசெய்தது. காரைக்காலுக்கு நான்கு மாகாணங்கள் சேர்ந்தன. அமெரிக்க விடுதலைப் போரை முடித்துவைத்த அதே சமாதானத்தின் ஒரு வாக்கியம்தான் நம் ஊர்களின் எல்லை. அந்தப் பிரிவில் இந்த இரண்டு ஊர்களின் பெயர்களைப் படிக்கிறபோது, தொலைவில் மை ஊற்றி எழுதியவர்களுக்கு இந்த வயல்கள் எப்படித் தெரிந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்கிறேன். இடையில் மீண்டும் பறிபோய், 1814 ஒப்பந்தத்தின் பேரில் 1816இல் பிரெஞ்சுக்காரர் திரும்பியபோதும் இந்த அமைப்பே நீடித்தது.

கைமாறியவை வரி தரும் ஊர்கள். வரைபடத்தில் கோடு இழுத்துப் பிரித்த நிலப்பரப்பாக அவை இருக்கவில்லை. ஊர்களைப் பெயர் சொல்லிக் கொடுத்தால், நடுவில் இருக்கும் வேறு வருவாய்க் கணக்கைச் சேர்ந்த ஊர் பிரிட்டிஷ் இந்தியாவிலேயே நின்றுவிடும். பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் கடலூர் மாவட்டத்தின் பெயர்ப்பலகையைப் பார்ப்பதற்கும், ஊசுடு ஏரியின் ஒரு பகுதி தமிழ்நாட்டில் கிடப்பதற்கும் காரணம் இதுவே. இந்தச் சிதறலை ஒரு விநோதமாகச் சொல்லிப் போவது வழக்கம். 1954இல் அது எப்படி ஆயுதமாயிற்று என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு ஆணைகள் முக்கியம். 1854 சனவரி 16 ஆணை நிலத்தைக் கையில் வைத்திருந்த குடியானவருக்குச் சொத்துரிமையை ஒப்புக்கொண்டது. 1880 மார்ச் 12 ஆணை பிரெஞ்சிந்தியாவைப் பத்துக் கொம்யூன்களாகப் பிரித்தது. புதுச்சேரிப் பகுதியில் அவை புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என நான்கு. 1907இல் மொத்தம் பதினேழாயின. அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, திருபுவனை, நெட்டப்பாக்கம் அப்போது தனிக் கொம்யூன்கள் ஆயின. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தது, அதற்கு மேயர் இருந்தார், மேரி என்று அழைக்கப்பட்ட அலுவலகமும் இருந்தது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளான எத்தா சிவில் அங்கேதான் எழுதப்பட்டது.

இதைப் பொற்காலமாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. 1881 ஆணைப்படி தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர் 'ரெனோன்சான்' ஆனார். 1884இல் வாக்காளர் பட்டியல் ஐரோப்பியர், ரெனோன்சான்கள், மற்றவர் என மூன்றாகப் பிரிந்தது. ஐரோப்பியர் பட்டியலுக்குக் கிடைத்த இடங்கள் அவர்கள் தலைக்கணக்குக்குச் சற்றும் பொருந்தாதவை. பெண்களுக்கு 1940களின் நடுப்பகுதி வரை வாக்கில்லை. தேர்தல் நாளில் தடியடியும் பெட்டிக் கைப்பற்றலும் பிரெஞ்சிந்தியாவின் தீராத நோய். அரசியல் தலைவர் நடு சண்முக வேலாயுத முதலியாரின் நீண்ட ஆதிக்கக் காலத்தில் வாக்கு என்பது பெரும்பாலும் செல்வாக்குள்ளவர் எழுதிக்கொண்ட எண்ணிக்கைதான். ஆயினும் ஊர்ப்புறத்தான் ஒருவன் தன் ஊர்ச் சாலைக்கும் குளத்துக்கும் பெயர் தெரிந்த ஒரு மன்றத்தைக் கேள்வி கேட்கலாம் என்ற எண்ணம் மூன்று தலைமுறைகளுக்குப் பழகிவிட்டது. பக்கத்துச் சென்னை மாகாணத்துக் கிராமத்தானுக்கு அந்தப் பழக்கம் வாய்ப்பதற்கு இருபதாம் நூற்றாண்டில் வெகுதூரம் போக வேண்டியிருந்தது.

கொம்யூனுக்கு வெளியே, ஆனால் அதே மண்ணில், இன்னொரு சுயநிர்வாகம் இருந்தது. அதைச் சேர்த்துப் பார்க்காமல் இந்த வரலாறு முழுமையாகாது. ஏரிப்பாசன உழவர்கள் சேர்ந்து நடத்திய சங்கங்கள் பிரெஞ்சுப் பெயரில் 'செந்திக்கா அக்ரிகோல்', 'கேஸ் கொம்யூன்' என்று பதிவாயின. பெயர்தான் பிரெஞ்சு, வேலை பழையது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணையில் பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. அணை தமிழ்நாட்டில், ஏரி புதுச்சேரியில். மழைக்கு முன் வாய்க்காலைத் தூர்வார ஆள் கூட்டுவது, மதகை எந்த நாளில் திறப்பது, கடைமடைக்கு எத்தனை நாள் தண்ணீர் விடுவது, நீர்க்கட்டிக்குக் கூலி நெல் எவ்வளவு அளப்பது என்று ஒவ்வொன்றும் கூடிப் பேசி முடிவாக வேண்டிய காரியம். ஏரிக்கரையில் நின்று பார்த்தால் இது புரியும்: மதகில் பலகையை ஒரு சாண் உயர்த்தினால் மேல்மடைக்கு இலாபம், கடைமடைக்கு நட்டம். எவ்வளவு நல்ல அதிகாரி வந்தாலும் தொலைவில் இருந்து அந்த ஒரு சாணை முடிவு செய்ய முடியாது. வாய்க்காலை வெட்டுவித்ததாக ஊர் சொல்லும் பங்காரி, சிங்காரி கதை வரலாறா இல்லையா என்ற கேள்வியைவிட, அந்தக் கதை வாய்க்காலை ஊர்ப்பெண்களின் கொடையாக நினைக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இணைப்புக்குப் பிறகு ஏரிகள் பொதுப்பணித் துறைக்குப் போயின, சங்கங்கள் நலிந்தன. 1990களின் இறுதியில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியபோது, ஏரிப் பயனாளர் சங்கங்களை மறுபடி உண்டாக்குவதும் அதன் பகுதியாக இருந்தது. தானே கலைய விட்ட ஒன்றை வெளிநாட்டுப் பணத்தோடு அரசு திரும்பக் கட்டிப் பார்த்தது என்று இதை நான் வாசிக்கிறேன்.

இனி 1954. பிரான்சின் 1946 அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள் இசைவின்றி எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது என்றது. 1949இல் சந்திரநாகூர் பொதுவாக்கெடுப்பு நடத்திப் பிரிந்தது. புதுச்சேரியில் வாக்கெடுப்பின் நேர்மை பற்றிய ஐயமே ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1941இன் சுங்க ஒன்றியம் 1949இல் முடிந்த பின் நெல்லும் துணியும் எல்லை தாண்டுவதே குற்றமாக, இடையிடையே இந்திய நிலம் உள்ள பாகூர், நெட்டப்பாக்கம் போன்ற ஊர்கள் மிகவும் நெருக்கப்பட்டன. 1954 மார்ச் 18 அன்று புதுச்சேரி உள்ளிட்ட எட்டுக் கொம்யூன்களின் மேயர்கள் வாக்கெடுப்பு இல்லாமலே இந்தியாவோடு இணையத் தீர்மானித்தார்கள். மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் அரசியல் தலைவர் எதுவார் குபேர் இந்தியக் கொடி ஏற்றினார். அடுத்து மண்ணாடிப்பட்டு, பாகூர்ப் பக்கங்களும் கைமாறின. நகரத்துக்கு முன்பே இந்த ஊர்கள் விழுந்ததற்கு 1783 எல்லையில்தான் விடை இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் காவலர் அங்கே போய்ச் சேர இந்திய நிலத்தைக் கடக்க வேண்டும். அந்த வழி அடைபட்டதும் கொம்யூன்கள் தாமாகவே இணைப்புக் கோரியவர் கைக்கு வந்தன.

அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று வில்லியனூர்ப் பக்கத்து எல்லையோரச் சிற்றூரான கீழூரில் 178 பேர் கூடினார்கள். கொம்யூன் மன்றங்களுக்கும் பிரதிநிதி சபைக்கும் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர்கள் அவர்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது. 1956 மே 28 ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறையானது. இந்த மாற்றத்தில் நேரு, மென்டேஸ் பிரான்ஸ் ஆகியோரின் இராசதந்திரம் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் 'மக்கள் இசைவு' என்று சட்டம் கேட்டது எதுவோ, அதைக் கொடுத்தவர்களில் பெரும்பகுதியினருக்கு அந்தத் தகுதி கொம்யூன் உறுப்பினர் என்பதால் வந்தது. ஊர்ச்சாலைக்கும் தெருவிளக்குக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஒரு நாட்டின் எல்லையை முடிவு செய்தார்கள்.

அந்த மன்றத்துக்கு என்ன ஆயிற்று? பழைய சட்டத்தின் கீழ் கடைசித் தேர்தல் 1968இல் நடந்தது. 1973இல் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. இன்று ஆட்சிப்பகுதியில் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் அவற்றின்கீழ்க் கிராமப் பஞ்சாயத்துகளும் உண்டு. கொம்யூன் பஞ்சாயத்துகள் புதுச்சேரிப் பகுதியில் வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என ஐந்து. அடுத்த தேர்தலுக்கு 38 ஆண்டுகள் ஆயின. 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் வந்த பிறகும், நீதிமன்றம் தலையிட்ட பிறகே 2006இல் வாக்குப்பதிவு நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் மீண்டும் அறிவிக்கப்பட்ட தேர்தல் இடஒதுக்கீட்டு வழக்கில் நின்றது. மன்றம் இல்லாத ஆண்டுகளில் வீட்டு வரியும், தெருவிளக்கும், பிறப்பு இறப்புப் பதிவும் ஆணையர் கையெழுத்தில் ஓடின.

சிறிய பகுதி, சட்டமன்ற உறுப்பினரே ஊருக்கு அருகில் இருக்கிறார், நடுவில் இன்னொரு மன்றம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2011இல் 12,47,953 பேர் வாழ்ந்த ஆட்சிப்பகுதியில் 30 தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர் என்பது உண்மையில் நெருங்கிய பிரதிநிதித்துவம்தான். ஆனால் அவர் தொகுதிக்கு உரியவர். மதகுக்கும் வாய்க்காலுக்கும் உரிய எல்லை தொகுதி எல்லையோடு பொருந்துவதில்லை. ஜெர்மனி இங்கே ஒப்பிடத் தக்கது. மேற்கு ஜெர்மனியில் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நடந்த சீரமைப்பில் 425 ஊரக மாவட்டங்கள் 237 ஆகக் குறைந்தன. பழைய மாவட்டங்களின் பெயர்கள் மறைந்ததை மக்கள் எளிதில் ஏற்கவில்லை. 2012க்குப் பின் வண்டி எண்பலகைகளில் பழைய மாவட்ட எழுத்துகளை மீண்டும் அனுமதிக்க வேண்டியிருந்தது. ஆனால் இணைக்கப்பட்ட பெரிய மாவட்டங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் தொடர்ந்தது. அங்கே பெயர் போயிற்று, வாக்கு நின்றது. பாகூரிலும் வில்லியனூரிலும் பெயர் நின்றது. பத்திரத்தில், அலுவலகப் பலகையில், வரி ரசீதில் கொம்யூன் இருக்கிறது.

வைகாசித் தேரோட்டத்தில் வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரின் வடத்தை ஆளுநர் தொட்டு இழுக்கும் வழக்கம் பிரெஞ்சுக் காலத்திலிருந்து தொடர்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றி மரியாதை செய்வதும் அப்படியே. அங்கே நினைவுகூரப்படும் அந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளும் தகுதி வேண்டுமானால், 1954இல் ஒருவர் கொம்யூன் மன்றத்திலாவது பிரதிநிதி சபையிலாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். 2011க்குப் பின் அந்த மேடையைச் சுற்றி நின்ற கீழூர் மக்களில் ஒருவர்கூடத் தம் கொம்யூனுக்கு வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினரோடு அங்கே நிற்கவில்லை.