பிரெஸ்ட் துறைமுகம்

பிரான்ஸின் மேற்குக் கோடியிலுள்ள பிரெஸ்டை 1631இல் கர்தினால் ரிஷலியூ கடற்படைத் துறைமுகமாகத் தெரிவு செய்தார். நேயர்களே, 1782இல் திருகோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய சுஃப்ரென், முந்திய ஆண்டு மார்ச்சில் இங்கிருந்துதான் பாய் விரித்தார்.

பழைய நகரைத் தேடிச் செல்பவருக்கு ஏமாற்றமே. 1944இல் ஆறு வார முற்றுகையில் அது தரைமட்டமாயிற்று. ழாக் பிரெவேர் 'பார்பரா' என்ற கவிதையில் பாடியது அந்த அழிவைத்தான். பென்ஃபெல்ட் ஆற்றுமுகத்துக் கோட்டை தப்பியது; அதன் அடிமதிலில் உரோமர் அடுக்கிய கல்லை இன்றும் காணலாம்.

குண்டு விட்டுவைத்ததைப் பள்ளிக்கூடம் விட்டுவைக்கவில்லை. வேல்ஸ் மொழிக்கு உறவான பிரெத்தோனை வகுப்பில் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 1977இல், பிரெஸ்டுக்கு அண்மையிலே, அம்மொழியிலேயே கற்பிக்கும் முதல் 'திவான்' பள்ளி தோன்றியது. 'திவான்' என்றால் முளைவிடுதல். பாடமனைத்தையும் அவ்வாறு பிராந்திய மொழியில் கற்பிக்கும் முறை அரசியலமைப்புக்கு முரணென்று 2021இல் பிரான்ஸின் அரசியலமைப்பு மன்றம் தீர்ப்பளித்தது.