எண்களுக்கு மூத்த நடுவர்

எது உண்மையான ஆர்பிஜி (வேடமேற்று ஆடும் ஆட்டம்) என்று கேட்டால் பெரும்பாலோர் எண்களைத்தான் காட்டுவார்கள்: அனுபவப் புள்ளி, லெவல், வலிமைக்கு இத்தனை, அறிவுக்கு இத்தனை. அந்த எண்கள் வந்த வழியைத் தேடிப் போனால் இந்த விடை நிற்பதில்லை. 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், போர்ப் பொம்மைகளை வைத்து ஆடும் நண்பர்களுக்காக டேவிட் வெஸ்லி ஒரு புது ஆட்டம் அமைத்தார். நெப்போலியன் காலத்து ஜெர்மானியச் சிற்றூர், பெயர் பிரவுன்ஸ்டைன். படைத்தலைவர்கள் போக மேயர், வங்கிக்காரர், புரட்சி மாணவர் என்று ஊர்க்காரர் வேடங்களையும் பகிர்ந்து கொடுத்தார். சண்டை தொடங்குவதற்கு முன்பே ஆளாளுக்கு ரகசியம் பேசவும் சதி செய்யவும் இறங்கிவிட்டார்கள். எதை விடுவது, எதை மறுப்பது என்று நடுவரான வெஸ்லி அப்போதைக்கப்போது தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆட்டம் கைமீறிப் பாழாகிவிட்டது என்றே அவர் நினைத்தார். ஆடியவர்களோ இன்னொன்று வேண்டும் என்றார்கள். அந்த ஆட்டங்களில் பழகிய டேவ் ஆர்னசன், கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974-இல் வெளியிட்டதுதான் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அனுபவப் புள்ளியும் லெவலும் அதில்தான் அச்சேறின. வேடமும் நடுவரும் அவற்றுக்கு மூத்தவை.

அடுத்த ஆண்டே அந்த ஆட்டம் கணினிக்குள் போனது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் 'பெடிட்5' என்று பாடக் கோப்பு போலப் பெயரிட்டு ஒரு நிலவறை ஆட்டத்தை ஒளித்து வைத்தார்கள். நிர்வாகம் கண்டுபிடித்து அழித்தது. (அழித்தும் பயனில்லை, அதே கணினியில் வேறு ஆட்டங்கள் முளைத்தன.) 1981-இல் வந்த 'விசார்ட்ரி' அந்த நிலவறையை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. கணினி பகடை உருட்டும், கணக்குப் போடும். 'காவலனுக்கு லஞ்சம் கொடுத்துப் பார்க்கிறேன்' என்றால் அதனிடம் தீர்ப்பு இல்லை. ஆகவே நகலெடுக்க முடிந்த பாதி மட்டும் நகலானது. பிற்பாடு பிறந்தவர்கள் அந்தப் பாதியையே இலக்கணமாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் எண்களைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று கேட்கலாம். எறிந்தால் கிளை பிரியும் கதை எல்லாமே ஆர்பிஜி ஆகிவிடும். என் வாதம் வேறு: நடுவர் இல்லாத இடத்தில் அவர் வேலையை எண்தான் செய்தாக வேண்டும். அந்த எண் சண்டைக்கு வெளியிலும் பேசுகிறதா என்பதே சோதனை. ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா 4' (1985) இதில் முன்னோடி. அதில் மூலிகை விற்பவள் பார்வையற்றவள்; காசைக் குறைத்துக் கொடுத்தால் அவளுக்குத் தெரியாது, ஆனால் ஆட்டக்காரரின் நேர்மை குறையும். 1997-இல் வந்த 'ஃபால்அவுட்'டில் அறிவை மிகக் குறைத்து வைத்தவருக்கு உளறத்தான் வரும், ஊரார் அவரிடம் நடந்துகொள்வதே மாறும். போதிய சான்றும் பேச்சுத் திறனும் உள்ளவர் இறுதி எதிரியைச் சுட வேண்டியதில்லை. அவன் திட்டம் வீண் என்று பேசியே வீழ்த்தலாம். 2019-இன் 'டிஸ்கோ எலிசியம்' சண்டை முறையையே விட்டுவிட்டது. ஆனாலும் அதன் 24 திறன்களும் பகடையும் ஒவ்வொரு உரையாடலிலும் தலையிடுகின்றன. எண்ணை வைத்துப் பார்த்தாலும் வேடத்தை வைத்துப் பார்த்தாலும் அது ஆர்பிஜிதான்.

வலுவான மறுப்பு ஜப்பானிலிருந்து வருகிறது. யூஜி ஹோரி 'விசார்ட்ரி'யையும் 'அல்டிமா'வையும் ரசித்து 1986-இல் உருவாக்கிய 'டிராகன் குவெஸ்ட்' ஒரு நாட்டுக்கே ஆர்பிஜி என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தது. அதில் கதை முன்பே எழுதப்பட்டுவிட்டது, நாயகன் யார் என்பதும் முடிவானது. அதை ஆர்பிஜி அல்ல என்பது ஆணவம் இல்லையா? வம்சாவளியால் அது ஆர்பிஜி, சந்தேகமில்லை. ஆட்டமாகவும் அது உயர்ந்தது. ஆனால் வம்சாவளி வேறு, இயல்பு வேறு. அதிலும் வேடத்துக்கு ஒரே ஓர் இடம் உண்டு: டிராகன் அரசன் உலகில் பாதியைத் தருவதாகச் சொல்லி, தன்னோடு சேர்கிறாயா என்று கேட்பான். ஆம் என்றால் ஆட்டம் அத்தோடு சரி. நீ யார் என்று நாயகனைக் கேட்கும் அந்தக் கேள்வியில், அதுவரை சேர்த்த லெவல்களுக்கு ஒரு வேலையும் இல்லை.