நெருப்புக்குச் சாட்சி சொல்லும் கல்

அக்கரப்பத்தனை மலைச்சரிவுகளில் பெண்கள் பனியில் நனைந்து கிள்ளிச் சேர்க்கும் கொழுந்தின் விதி, தேயிலை ஸ்டோரின் உலர்த்தும் அறையில் அரைமணிக்கும் குறைந்த நேரத்தில் முடிவாகிவிடுகிறது. சூடு குறைந்தால் தேயிலை புழுங்கிச் சுவை கெடும். மிகுந்தால் மேற்புறம் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். ஒருநாள் உழைப்பின் பயன் சில பாகை உஷ்ணத்தில் நிற்கிறது. ஆதலின், மனிதன் நெருப்பை அளக்கக் கற்ற வரலாறு மலைநாட்டு மக்களுக்கு அந்நியமானதன்று.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பங்களா விறாந்தையில் கையால் உருட்டிய கொழுந்து, களிமண் அடுப்பில் கரி நெருப்பின்மேல் கம்பித் தட்டுகளில் உலர்த்தப்பட்டது. அன்று கையும் மூக்குமே உஷ்ணமானிகள். 1877இல் சாமுவேல் டேவிட்சன் 'சிரொக்கோ' உலர்த்தும் இயந்திரத்தை அமைத்தார். காலப்போக்கில், காற்று உட்புகும் வாயிலில் ஏறத்தாழ 90 முதல் 100 பாகை செல்சியஸ், வெளியேறும் வாயிலில் ஏறத்தாழ 55 பாகை என்ற கணக்கு டீமேக்கரின் கைக்கு வந்தது.

காற்றை அளக்க இரச உஷ்ணமானி போதும். அடுப்பின் உட்புறத்தை அளப்பதெப்படி? இரசம் 357 பாகையிலேயே கொதித்துவிடுமே! இங்கிலாந்தின் மட்பாண்டக் கலைஞர் ஜோசையா வெட்ஜ்வுட் இதற்கு 1782இல் ஒரு வழி கூறினார். சூளையிலிட்ட களிமண் துண்டுகள் எவ்வளவு சுருங்குகின்றன என்று அளந்து அவர் உஷ்ணத்தை மதிப்பிட்டார். அவருடைய கணக்குகள் உண்மையைவிட மிக உயர்ந்திருந்தன. ஆயினும், சூட்டைத் தாங்கும் பொருளே அதற்குச் சாட்சி சொல்லலாம் என்பது புலனாயிற்று.

அதைவிடச் சிறந்த சாட்சி இலங்கையின் ஆற்றுப்படுகைகளிலும் கிடைக்கும் மாணிக்கம். அது குரோமியம் சிறிதளவு கலந்த குருந்தக்கல். மேல்நாட்டார் வழங்கும் 'கொரண்டம்' என்னும் பெயர் தமிழ்க் 'குருந்தம்' என்பதிலிருந்து பிறந்ததே. பச்சை ஒளி பட்டால் மாணிக்கம் செந்நிறமாய் ஒளிரும். ஒளியை நிறுத்திய பின்னும் விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் அவ்வொளிர்வு நீடிக்கும். கல் சூடேறச் சூடேற அந்நேரம் குறுகும். அந்தக் குறுக்கத்தை அளந்தால் உஷ்ணம் தெரிந்துவிடும்.

இவ்வொளிர்வை நுணுகி ஆராய்ந்தவர்களுள் ஒருவர், 1918இல் கேரளத்தின் பீர்மேடு மலையூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மணி. 1940இல் பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அவர், மாணிக்கத்தையும் வைரத்தையும் ஆராய்ந்தார். ஒளிப்படத் தகட்டில் மங்கிய ஒளி பதிய 15 முதல் 20 மணி நேரம் வேண்டியிருந்ததால், பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே உறங்கினார். முதுகலைப் பட்டம் இல்லையென்று அவருக்குக் கலாநிதிப் பட்டம் மறுக்கப்பட்டது. பின்னாளில் இந்தியாவின் வானிலைக் கருவிகளைச் செம்மைப்படுத்தியவர் அவரே.

இன்று குருந்தத்தை வளையத்தக்க நுண்ணிழையாக வளர்த்து, சூளைக்குள் நுழைத்து ஒளியால் உஷ்ணம் அறிகின்றனர். டிஸ்புரோசியம் கலந்த வேறொரு சுடுபொருள் 1000 பாகைக்கு மேலும் ஒளிர்ந்து, விமான இயந்திரங்களின் உட்சூட்டைக் காட்டுகிறது.

தேயிலை ஸ்டோருக்கு இத்தகைய இழை வேண்டியதில்லை. அங்கே எளிய உஷ்ணமானியே போதும். எனினும் இரண்டின் பணியும் ஒன்றே: நெருப்பின் அளவை அறிந்து, மனிதர் உழைப்பு கருகாமல் காப்பது.